சர்வர் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது: தொழில் நண்பரா, ஏஎம்சியா, கிளவுடா?

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டர், சிப்காட்டில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனி. மூன்றிலும் ஏதோ ஒரு மூலையில், பெரும்பாலும் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். பில், ஸ்டாக், ரிப்போர்ட் எல்லாம் அதில் இருக்கும் டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில்தான். அதைப் பார்த்துக்கொள்ள டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சிசிடிவி தெரியாமல் போனாலும் ஓடி வருகிற அதே ‘சிஸ்டம் தம்பி’தான் டேட்டாபேஸுக்கும் பொறுப்பு. இந்தக் கட்டுரை அவருக்கும், அவருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கும்.

டேட்டாபேஸ் தகராறு செய்தால் இவர்களுக்கு நான்கு வழி இருக்கிறது. இதே வேலையைச் செய்கிற நண்பரிடம் கேட்கலாம். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருப்பவரையோ சாஃப்ட்வேர் விற்றவரையோ கூப்பிடலாம். மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ரிமோட்டில் வந்து பார்க்கிற டிபிஏ ஒருவரைப் பிடிக்கலாம். இல்லையென்றால் சர்வரையே தூக்கி கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளியூர் கம்ப்யூட்டரில், வைத்துவிடலாம். எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதை வைத்துப் பலர் முடிவு செய்கிறார்கள். நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன்: அடுத்து செய்யப்போகிற காரியத்தைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் நண்பரே போதும், பல நேரம் அவர்தான் சிறந்தவர். முடியாது என்றால் காசு கொடுத்துப் பொறுப்பேற்கும் ஆளைக் கொண்டுவர வேண்டும்.

நண்பர் ஜெயிக்கும் இடம்

அன்றாடப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை வேறு யாருக்கோ ஏற்கெனவே வந்தவைதான். இந்த மாதிரி ஒரு போன் பேச்சு நம் பக்கத்தில் சாதாரணம்:

“அண்ணே, யாரும் பில் போட முடியல. டூ மெனி கனெக்ஷன்ஸ்னு வருது.”

“ரீஸ்டார்ட் பண்ணிட்டியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“பண்ணாத. உள்ள போக முடியுதா பாரு. போனதும் ப்ராசஸ்லிஸ்ட் எடு. எத்தனை ஸ்லீப்ல நிக்குது?”

“முக்கால்வாசி ஸ்லீப்தான். எல்லாம் ஒரே ஐபிலேர்ந்து வருது. நேத்து புது ஆப் போட்ட மெஷின்.”

“அப்ப வேலை முடிஞ்சது. அந்த ஆப்பை மட்டும் நிறுத்து.”

இதில் நடந்தது என்ன? ப்ராசஸ்லிஸ்ட் என்பது அப்போது டேட்டாபேஸோடு இருக்கும் இணைப்புகளின் பட்டியல், ஸ்லீப் என்றால் வேலையின்றி நிற்கும் இணைப்பு. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், எதையும் மாற்றாமல் விட்டால் ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் ஏற்கும். அதற்கு மேல் ஒன்றே ஒன்றை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும், அதனால்தான் தம்பியால் உள்ளே போக முடிந்தது. புது ஆப் இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறது. சும்மா தூங்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் தானாகத் துண்டிக்க வைத்திருக்கும் நேரம் 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம். காலையில் கடை திறந்தால் மதியத்துக்குள் மொத்த இடமும் நிரம்பிவிடும். ரீஸ்டார்ட் செய்திருந்தால் எல்லாம் சரியானது போலத் தெரிந்திருக்கும். ஆனால் யார் குற்றவாளி என்ற தடயமும் அதோடு போயிருக்கும், மறுநாள் அதே நேரத்துக்கு அதே கூத்து. 151-ஐ 500 ஆக்கு என்று சொல்பவர்களும் உண்டு. அது நிரம்புகிற நேரத்தைத் தள்ளிப்போடுமே தவிர வேறொன்றும் செய்யாது.

ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் பில்லிங் ஆப்களில் நிறைய, எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கிலேயே டேட்டாபேஸுக்குள் போகும்படி அமைக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் நிர்வாகிக்கென்று ஒதுக்கிய அந்த ஒற்றை இடத்தையும் ஆப்பே பிடித்துக்கொள்ளும். அப்புறம் நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உள்ளே போக வழியில்லை. ஆப்புக்குத் தனிக் கணக்கு போடுவது அரை மணி நேர வேலை. இன்றே செய்யலாம்.

ஊர் நண்பர்கள் மட்டுமே சட்டென்று சொல்லக்கூடிய சில பதில்களும் உண்டு. வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்தால் பில்லில் வரிசையாகக் கேள்விக்குறியாக வருவது அதில் முக்கியமானது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்றால் பெயர் இருக்கும் காலம் (column, நெடுவரிசை) தமிழ் எழுத்தைத் தாங்கும் என்வார்சார் வகையாக இருக்க வேண்டும், கூடவே டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளைக்குள் எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். இரண்டில் ஒன்று விட்டாலும் கேள்விக்குறிதான். மைஎஸ்க்யூஎல்லில் பழைய லத்தீன் எழுத்துத் தொகுதியில் உருவான டேபிள்கள் இதே வேலையைக் காட்டும். 8.0 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸின் டேபிள்கள் தமிழையும் இமோஜியையும் தாங்கும் தொகுதியில்தான் பிறக்கின்றன, ஆனால் பழையவை பழையபடியே கிடக்கும். தமிழில் டேட்டா வைத்திருக்கும் நண்பருக்கு இது மனப்பாடம். பெங்களூரில் இருக்கிற, எல்லாப் பெயரையும் ஆங்கிலத்திலேயே பார்த்துப் பழகிய ஆலோசகர் முதலில் ஃபாண்டைச் சந்தேகப்படுவார், அப்புறம் பிரிண்டரை. அதற்குள் நாள் ஓடிவிடும். இது நேரம் வீணாகும் விவகாரம் மட்டுமல்ல: ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயரைத் திரும்ப எடுக்கவே முடியாது. அந்த வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

மாதாந்திர மந்தமும் நண்பரின் துறைதான். ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாளான 11ஆம் தேதியை ஒட்டியும், 3பி தாக்கல் செய்யும் 20ஆம் தேதியை ஒட்டியும் அக்கவுண்டன்ட் ஒரு ரிப்போர்ட்டை ஓட்டுவார். கவுன்டரில் பில் நின்றுவிடும். அதே சாஃப்ட்வேரை வைத்திருக்கும் இன்னொரு கடையின் தம்பி, “அந்த ரிப்போர்ட்ல தேதி நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள்ள போட்டு ஒப்பிடுறாங்க, அதனால இன்டெக்ஸ் இருந்தும் பிரயோஜனம் இல்ல. இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைன்னு மாத்தச் சொல்லு” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி, தேடலை வேகப்படுத்தும். டேட்டாபேஸ் எப்படித் தேடப்போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் முழு டேபிளையும் மேய்கிறதா என்று தெரிந்துவிடும். பார்ப்பதால் எதுவும் கெடாது. இன்டெக்ஸ் சேர்த்தாலும் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

கேட்கத் தெரிந்தால்தான் நண்பர்

“சர்வர் ஸ்லோவா இருக்குண்ணே” என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன, எப்போதிலிருந்து, அதற்கு முந்தைய நாள் என்ன மாற்றினீர்கள், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம். இவ்வளவையும் முதல் மெசேஜிலேயே அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

பெயரும் பதிப்பும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். “1205 எரர் வருது” என்று மட்டும் சொன்னால் எஸ்க்யூஎல் சர்வர்காரர் அதை டெட்லாக் என்று எடுத்துக்கொள்வார்: இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மறித்து நின்றதில் ஒருவரைச் சர்வரே வெளியேற்றிவிட்டது என்று. அதே 1205 மைஎஸ்க்யூஎல்லில் வேறு. யாரோ பூட்டி வைத்த வரிக்காக 50 நொடி காத்திருந்து கைவிட்டதைக் குறிக்கும். அங்கே டெட்லாக்குக்கு எண் 1213. எண் ஒன்று, நோய் வேறு, மருந்தும் வேறு. லாகின் ஆகவில்லை என்ற 18456-உம் இப்படித்தான். பயனரின் திரையில் காரணத்தை வேண்டுமென்றே மறைத்து ஸ்டேட் 1 என்றுதான் காட்டும். சர்வரில் இருக்கும் எரர்லாகைத் திறந்தால்தான் உண்மையான ஸ்டேட் தெரியும்: 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு, 5 என்றால் அந்தப் பெயரில் லாகினே இல்லை. திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நண்பர் குத்துமதிப்பாகத்தான் பேசுவார்.

போட்டோ என்றதும் இன்னொன்று. ஸ்கேன் சென்டரின் திரையை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், நோயாளி பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று தெரியும்படி. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகளில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டம் கிடக்கட்டும், மஞ்சக்குப்பம் மாதிரி இடத்தில் யாருக்கு என்ன ஸ்கேன் என்பது நண்பரின் போனில் கிடப்பது சரியா? பிழைச் செய்தியை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.

இப்போது பலர் நண்பருக்கு முன்னால் ஏஐயிடம் கேட்கிறார்கள். பிழைச் செய்தியின் அர்த்தம் புரிய அது நன்றாகவே உதவும், ராத்திரி 11 மணிக்கும் சலித்துக்கொள்ளாது. ஆனால் “அந்த சாஃப்ட்வேர்ல போன அப்டேட்டுக்கு அப்புறம் எல்லாக் கடையிலும் இப்படித்தான்” என்பதை அதனால் சொல்ல முடியாது. அதை எதிர்வீதிக் கடைத் தம்பிதான் சொல்வார்.

நண்பரை நிறுத்த வேண்டிய இடம்

நம் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்த மாதிரி நேரத்தில் கரண்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, சர்வர் பட்டென்று அணைந்து, மறுபடி போட்டதும் எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் சஸ்பெக்ட் (கெட்டிருக்கலாம் என்ற சந்தேகம்) என்று வரும்.

இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு வரும் ஆலோசனைகள் இரண்டு. ஒன்று, “டிடாச் பண்ணிட்டு மறுபடி அட்டாச் பண்ணு.” சஸ்பெக்ட் நிலையில் இருப்பதை டிடாச் செய்தால், அதாவது சர்வரிலிருந்து கழற்றினால், திரும்ப மாட்ட முடியாமலே போகலாம். அரைகுறையாக இருந்ததும் கையை விட்டுப் போகும். இரண்டு, டேட்டாபேஸைப் பரிசோதிக்கும் செக்டிபி கட்டளையை ‘ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்’ என்ற தேர்வோடு ஓட்டச் சொல்வது. டேட்டா போகலாம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வேறு எந்த வழியும் இல்லாதபோது கடைசியாகத் தொட வேண்டியது அது. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு இணையாக இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி என்று ஒன்று உண்டு. அதற்குக் கொடுக்கும் எண்களில் 4-உம் அதற்கு மேலும் டேட்டாவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. போனில் நண்பர் “6 போட்டுப் பாரு, எனக்கு எழுந்துச்சு” என்பார். அவருக்கு எழுந்தது உண்மையாகவே இருக்கும்.

இந்த ஆலோசனைகளைச் சொல்பவர் கெட்டவரும் அல்ல, விவரம் தெரியாதவரும் அல்ல. அவர் உங்கள் டிஸ்க்கைப் பார்க்கவில்லை, உங்கள் பேக்அப் எந்தத் தேதியது என்று அவருக்குத் தெரியாது, டேட்டா போனால் முதலாளி முன்னால் நிற்கப்போவதும் அவர் இல்லை. ஆகவே சஸ்பெக்ட் என்று கண்டதும் செய்யத்தக்கது ஒன்றுதான்: சர்வீஸை நிறுத்திவிட்டு, டேட்டா ஃபைலையும் லாக் ஃபைலையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு, காசு வாங்கும் டிபிஏவுக்குப் போன் போடுவது. அவர் கேட்கிற தொகை முதலில் உறுத்தும். ஆனால் எதையும் தொடுவதற்கு முன் கடைசி நல்ல பேக்அப் எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் காசு.

டிஸ்க் நிறைந்துபோவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து 8.0-க்கு மாறிய பலருக்கு இது வந்திருக்கும். 5.7-இல் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் பைனரி லாக் தானாக ஓடாது. 8.0-இல் ஓடும், 30 நாள் வரை சேர்த்து வைத்திருக்கும். சின்ன டிஸ்க் அதைத் தாங்காது. நண்பர் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பார். ஆனால் ஃபைல்களை நேராக அழி என்று சொன்னால் கேட்காதீர்கள், அவற்றைக் கழிக்க டேட்டாபேஸுக்குள்ளேயே பர்ஜ் கட்டளை இருக்கிறது. அழிக்கச் சொல்லும் எந்த ஆலோசனையையும் இரண்டாவது ஆள் ஒருவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

ஏஎம்சியிடம் என்ன வாங்குகிறீர்கள்

ஏஎம்சி தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஹார்ட்வேர், நெட்வொர்க், ஆன்டிவைரஸ் வரைதான் இருக்கும். டேட்டாபேஸ் என்ற சொல்லே இருக்காது. வருகிறவர் பவர் சப்ளை மாற்றுவதில் கெட்டிக்காரர், டேட்டாபேஸுக்கு ரீஸ்டார்ட் ஒன்றுதான் அவரிடம் உள்ள வைத்தியம். அதற்காக ஏஎம்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கரண்ட், டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி இவற்றுக்கு நேரில் வர ஆள் வேண்டும், அதை எந்த நண்பரும் போனில் செய்ய முடியாது.

சாஃப்ட்வேர் விற்றவர் நிலைமை வேறு. டேபிள் எல்லாம் அவர் கட்டியது, உள்ளும் புறமும் தெரியும். ஆனால் அவருக்கு விற்க வேறு சரக்கும் இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம் என்பதால் சின்னக் கடைகளில் அதுதான் ஓடும். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் அளவு. கடை சில வருடம் நன்றாக ஓடினால் ஒருநாள் பில் சேமிக்க மறுக்கும். விற்றவர் கட்டணப் பதிப்பு வாங்கச் சொல்வார். நண்பரோ எந்த டேபிள் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். பார்த்தால் பில்லோடு சேர்த்து வைத்த ஸ்கேன் படங்களும், யாரும் பார்க்காத ஆடிட் வரிகளும்தான் முக்கால் இடம். அளவு ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி என்பதால் அவற்றை இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். 2025 பதிப்பில் அளவை 50 ஜிபியாகவும் உயர்த்திவிட்டார்கள். இந்த விஷயத்தில் நண்பர் சொல்வதைத்தான் நான் கேட்பேன், மாற்றும் வேலையை மட்டும் விற்றவரை வைத்துச் செய்யச் சொல்வேன்.

எக்ஸ்பிரஸில் இன்னொரு குழி: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் அதில் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் யாராவது போட்டு வைத்திருந்தால்தான் பேக்அப் ஓடும். ஆகவே ஏஎம்சிக்காரரோ டிபிஏவோ, யாராக இருந்தாலும் ஒப்பந்தம் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பேக்அப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து காட்டுவீர்களா? பெரிய இடத்திலேயே இது சறுக்கியிருக்கிறது. 2017 ஜனவரி 31-இல் புரோகிராமர்கள் கோடு சேமிக்கும் இணையத்தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். வழக்கமான பேக்அப்பைத் தேடினால் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது: 9.6 பதிப்பில் ஓடிய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 9.2 பதிப்புக் கருவி நகல் எடுக்கப் பார்த்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த, சுமார் 6 மணி நேரம் பழைய ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, மீட்கும் வேலையை ஒளிக்காமல் உலகம் பார்க்கச் செய்தது. நம் பக்கம் சர்வர் போனதைச் சக கடைக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டோம்.

கிளவுட்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். டிஸ்க், பேக்அப், அப்டேட் இந்த மூன்று தலைவலியையும் அது எடுத்துக்கொள்ளும். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் போன்றவற்றில் 35 நாள் வரை பேக்அப் வைத்து, நேற்று மதியம் எப்படி இருந்ததோ அப்படி மீட்கவும் முடியும். இன்டெக்ஸ் இல்லாத ரிப்போர்ட், மூடாத இணைப்பு, டெட்லாக் எதுவும் அங்கேயும் மாறாது. அவற்றுக்கு மறுபடி நண்பர்தான்.

நம் கடைகளுக்கு அதில் உள்ள சிக்கல் தூரம். ஒரே அறையில் சர்வர் இருக்கும் என்று நினைத்து எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர், ஒரு திரையைத் திறக்க 400 முறை டேட்டாபேஸிடம் போய்வரும். உள்ளூர் வயரில் அது கண்ணுக்கே தெரியாது. வெளியூர் சர்வருக்கு ஒருமுறை போய்வர 25 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 10 நொடி ஆகிவிடும், தீபாவளிக் கூட்டத்தில் கவுன்டரில் நிற்பவர் சும்மா இருக்க மாட்டார். மழையில் ஃபைபர் அறுந்தால் கடையே நிற்கும். இணையத்திலேயே விற்கிறவர்களுக்கும், பல கிளைகள் உள்ளவர்களுக்கும் கிளவுட் சரி. ஒற்றைக் கடைக்கு, பேக்அப்பின் ஒரு நகலை மட்டும் அங்கே அனுப்பி வைப்பது போதும்.

யாருக்கு எது

ஜவுளி, மளிகை மொத்த வியாபாரம், சின்ன யூனிட்: கண்டுபிடிக்க நண்பர், கை வைக்க முன்கூட்டியே பேசி வைத்த மணிக்கணக்கு டிபிஏ, ஹார்ட்வேருக்கு ஏஎம்சி. ஸ்கேன் சென்டர், லேப், மருத்துவமனை என்றால் நண்பர்களை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் உள்ள டிபிஏ கட்டாயம் வேண்டும், செலவு கூடினாலும் சரி.

நண்பர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. புதுச்சேரித் தம்பிக்குத் தீபாவளி வாரம் மூச்சுவிட நேரம் இல்லாதபோது, கடலூர்த் தம்பிக்கும் இருக்காது. புயல் வந்தால் இருவர் சர்வரும் ஒரே இரவில் விழும். அதனால் கோவையிலோ மதுரையிலோ இதே வேலையில் இருக்கும் ஒருவரையாவது பழகி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நம்மூர் மழை கிடையாது. பிரச்சினை தீர்ந்ததும் எது காரணமாக இருந்தது என்று அவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை போனை எடுப்பது சந்தேகம்.

அப்புறம், நண்பர் “எனிடெஸ்க் கொடு, நானே பார்த்துடறேன்” என்று, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க அனுமதி கேட்கும் நிமிடத்திலிருந்து அது நட்பு உதவி அல்ல, வேலை. கூலி பேசிவிடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும். ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அவர் பெயரில் தனி லாகின் போட்டுக் கொடுங்கள், பார்க்க மட்டும் உரிமை போதுமென்றால் அதை மட்டும். வேலை முடிந்த அன்றே அந்த லாகினை முடக்கிவிடலாம்.